மாப்பிள்ளை வீட்டுக்கு விருந்தாளியா? மினாங்கபாவ் தாய்வழிக் குடும்பமும் திருமணமும்

"பெண்கள் ஆளும் முஸ்லிம் சமூகம்", "மாப்பிள்ளையை விலைக்கு வாங்கும் ஊர்". இந்தோனேசியாவின் மேற்குச் சுமத்ராவைப் பற்றி வரும் காணொளிகளும் துணுக்குகளும் பெரும்பாலும் இந்த இரண்டு தலைப்புகளில் ஒன்றைத்தான் தாங்கி வருகின்றன. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும். சொத்து பெண்களிடம் இருக்கிறது என்றால் மாப்பிள்ளைக்கு எதற்குப் பணம்? இஸ்லாமிய வாரிசுரிமையில் மகனுக்கு மகளைப் போல இரு பங்கு உண்டே, அப்புறம் எப்படி வயல் மகள்களின் வழியில் இறங்குகிறது? அந்த வீட்டில் தலைவர் என்று யாரைச் சொல்வது?

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அங்கே வாழும் மினாங்கபாவ் மக்கள் சொத்துக்கு இரண்டு கணக்கு வைத்திருக்கிறார்கள், ஆணின் கடமைக்கும் இரண்டு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு கணக்கில் இருப்பதை இன்னொன்றில் சேர்த்துப் படித்தால் எல்லாம் முரணாகத் தெரியும். பிரித்துப் படித்தால் தெளிவாகும்.

யார் இவர்கள்

2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தோனேசியாவில் தங்களை மினாங்கபாவ் என்று பதிவு செய்துகொண்டவர்கள் சுமார் 64 லட்சம் பேர். உலகின் மிகப் பெரிய தாய்வழிச் சமூகம் என்று மானிடவியலாளர்கள் இவர்களைக் குறிப்பிடுவது வழக்கம். தானா டாத்தார், ஆகாம், லீமா பூலு கோத்தா என்ற மூன்று மேட்டு நிலப் பகுதிகள்தாம் பூர்விகம். 2023 டிசம்பரில் வெடித்து மலையேறிகளைப் பலிகொண்ட மராப்பி எரிமலை இந்த மேட்டு நிலத்தில்தான் நிற்கிறது. மலைநாட்டை 'தாரேக்' என்பார்கள். கடற்கரையும் அதற்கு அப்பாலும் 'ரண்டாவ்', அதாவது பிழைக்கப் போகும் வெளியூர். சிங்கப்பூர், மலேசியத் தமிழர்கள் நன்றாக அறிந்த நாசி பாடாங் கடைகள் இந்த ரண்டாவ் பழக்கத்தின் வழியே பரவியவை.

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலமும் இந்தக் கதையில் உண்டு. சுமத்ராவிலிருந்து போன மினாங்கபாவ் குடியேறிகள் அங்கே 'அடாட் பெர்பாத்தே' என்ற தாய்வழி வழக்கத்தைக் கொண்டுபோனார்கள். சிரம்பானில் எருமைக் கொம்பு போல வளைந்து நிற்கும் கூரைகளைப் பார்த்தவர்கள் பலர் இருப்பீர்கள். அந்த வடிவம் வந்தது இங்கிருந்துதான்.

முதலில் ஐந்து சொற்கள்

1. தாய்வழி: பிள்ளை எந்தக் குடியைச் சேர்ந்தது, மூதாதையர் நிலத்தில் யாருக்கு உரிமை என்பதைத் தாயின் வம்சம் முடிவு செய்கிறது. 'பெண்ணாட்சி' என்பது இதிலிருந்து வேறுபட்ட ஒன்று. மினாங்கபாவ் ஊர்ச் சபையில் பட்டம் பெற்றுப் பேசுபவர்கள் ஆண்கள். ஆனால் அந்தப் பட்டமே தாய் வழியாகத்தான் அவர்களுக்கு வருகிறது.

2. சூகு: நம் சொல்லில் குடி. கோத்தோ, பிலியாங், போடி, சானியாகோ என்ற நான்கும் ஆதிக்குடிகள் என்பது மரபு. இன்று கிளை பிரிந்து பல மடங்காகிவிட்டன. மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதித் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் குடி தாய்வழியே வருவதை அறிந்த வாசகர்களுக்கு இதில் புதுமை இருக்காது.

3. பாருயிக்: இதற்கு வயிறு என்றே பொருள். ஒரே பாட்டியின் வயிற்றிலிருந்து பெண் வழியாகக் கிளைத்தவர்கள் ஒரு பாருயிக். 'ஒரு வயிற்றுப் பிள்ளைகள்' என்று நாம் சொல்வதைச் சில தலைமுறைகளுக்கு நீட்டிப் பாருங்கள், அதுதான்.

4. மாமாக், கமானாக்கான்: மாமாக் என்றால் தாய்மாமன். மலேசியாவில் தமிழ் முஸ்லிம்களையும் அவர்களின் உணவகங்களையும் குறிக்க வழங்கும் 'மாமாக்' வேறு, இது வேறு. கமானாக்கான் என்பது அவருடைய சகோதரியின் பிள்ளைகள், அதாவது நம் மருமகன், மருமகள்.

5. பெங்குலு: ஒரு குடிக் கிளையின் தலைவர். 'டாத்துக்' என்ற பட்டத்தைத் தாங்குபவர். பட்டம் மகனுக்குப் போகாது, மருமகனுக்குப் போகும்.

நாஞ்சில் நாட்டிலும் திருவிதாங்கூரிலும் ஒரு காலத்தில் இருந்த 'மருமக்கள் வழி' என்ற சொல் இதற்கு அப்படியே பொருந்தும். அங்கே 1920-களில் வந்த சட்டங்கள் அந்த முறையைக் கலைத்துவிட்டன. மினாங்கபாவ் முறை கலையவில்லை. ஏன் என்பதற்குச் சொத்துப் பகுதியில் வருவோம்.

வீட்டில் மகனுக்கு அறை கிடையாது

'ரூமா கடாங்' என்றால் பெரிய வீடு. எத்தனை அறைகள் வேண்டும் என்பதை அங்கே வாழும் பெண்களின் எண்ணிக்கை தீர்மானித்தது. மணமான ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓர் அறை. முதிய பெண்களும் குழந்தைகளும் அடுப்படிப் பக்கம். அறைகளுக்கு முன்னால் நீளமான பொதுக்கூடம். சாப்பாடு, பேச்சுவார்த்தை, திருமணம், சாவு எல்லாம் அங்கேதான்.

இந்த வீட்டில் மகனுக்கென்று அறை இல்லை. விவரம் தெரிந்த வயது வந்ததும் பையன்கள் 'சூராவ்' என்ற தொழுகைக் கூடத்துக்குப் படுக்கப் போய்விடுவார்கள். குர்ஆன் ஓதுவதும், 'சீலாட்' தற்காப்புக் கலையும், மரபுப் பேச்சும் அங்கேதான் கற்றார்கள். அப்புறம் ரண்டாவ். 'ஊரில் உன்னால் இன்னும் பயன் இல்லை, முதலில் வெளியூர் போய் வா' என்று இளைஞனுக்குச் சொல்லும் புகழ்பெற்ற பாந்துன் பாட்டு ஒன்று உண்டு. மினாங்கபாவ் ஆண்கள் வணிகர்களாகவும் ஆசிரியர்களாகவும் அரசியல்வாதிகளாகவும் சுமத்ராவுக்கு வெளியே பெயர் எடுத்ததற்கு, தாய் வீட்டில் தனக்கென ஓர் அறை இல்லாததும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. இந்தோனேசியாவின் முதல் துணை அதிபர் முகமது ஹத்தா, முதல் பிரதமர் சுத்தான் ஷாரீர் இருவருமே இந்தச் சமூகத்தவர்.

மணமான ஆண் மனைவியின் வீட்டுக்குப் போவான். ஆனால் அங்கே அவன் 'ஊராங் சுமாண்டோ', வந்து சேர்ந்தவன். பழைய நாளில் பகலில் தாய் வீட்டு வயலில் உழைத்துவிட்டு இரவில் மனைவி வீட்டுக்கு வருவது வழக்கமாக இருந்தது. அவன் நிலைமையை ஒரு பழமொழி 'மரக்கட்டை மேல் கிடக்கும் சாம்பல்' என்கிறது. காற்றடித்தால் பறந்துவிடும். மணமுறிவு வந்தால் வெளியேறுவது ஆண். மனைவி, பிள்ளைகள், வீடு, வயல் எதுவும் இடம் மாறாது. கணவன் போனதும் பிள்ளைகளோடு எங்கே போவது என்ற கேள்வி அந்தப் பெண்ணுக்கு எழுவதே இல்லை. இந்த முறையின் மிகப் பெரிய பலம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஒரே ஆண், இரண்டு கடமை

மனைவி வீட்டில் விருந்தாளி என்றால் அவனுக்கு அதிகாரமே இல்லையா? இருக்கிறது, வேறு வீட்டில். தன் சகோதரிகளின் வீட்டில் அவன் மாமாக். அந்தப் பிள்ளைகளின் படிப்பு, திருமணம், நிலப் பிரச்சினை எல்லாம் அவன் பொறுப்பு. அவனுடைய சொந்தப் பிள்ளைகளுக்கோ அவர்களுடைய மாமாக் இருக்கிறார்.

"பிள்ளையை மடியில் வை, மருமகனைக் கைப்பிடித்து நடத்து" என்பது அங்கே எல்லோர் வாயிலும் வரும் பழமொழி. மடியில் வைப்பது தன் உழைப்பில் வந்த பணத்தால். கைப்பிடித்து நடத்துவது குடிச் சொத்தால். ஒரே ஆணின் இரண்டு கணக்கு இதில் துல்லியமாகப் பிரிந்துவிடுகிறது.

தந்தையின் பக்கம் கைவிடப்பட்ட உறவு என்று நினைக்க வேண்டாம். தந்தையின் தாய்வழிக் குடும்பத்துக்கு 'பாக்கோ' என்று பெயர். அந்தக் குடும்பத்துக்கு இந்தப் பிள்ளை 'அனாக் பிசாங்', சொல்லுக்குச் சொல் வாழைப் பிள்ளை. நிலம் பாக்கோவிடமிருந்து வராது. பாசம், பரிசு, சடங்கு மரியாதை வரும். நம் அத்தை உறவின் சாயல் இதில் தெரியும்.

தான் மலாக்கா என்ற புரட்சியாளரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். அவர் இயற்பெயர் இப்ராஹிம். 'டாத்துக் தான் மலாக்கா' என்பது தாய்வழியில் கிடைத்த பட்டம். 1913 வாக்கில் ஊர் பட்டத்தையும் ஒரு பெண்ணையும் சேர்த்து முன்வைத்தது. அவர் பட்டத்தை மட்டும் ஏற்றுக்கொண்டு நெதர்லாந்துக்குப் படிக்கக் கப்பலேறினார். உலகம் அவரை அந்தப் பட்டத்தின் பெயரால்தான் அறிகிறது.

யாரை யார் மணக்கலாம்

முதல் விதி: ஒரே சூகுவுக்குள் மணம் கூடாது. இது ஊர் வழக்கத்தின் தடை. இஸ்லாத்தில் இப்படி ஒரு தடை இல்லை. மீறியவர்களை ஊரை விட்டு விலக்குவதும், மாடு வெட்டி விருந்து வைக்கச் சொல்லித் தண்டிப்பதும் உண்டு. இன்று சில ஊர்களில் சூகுவின் பெயர் ஒன்றாக இருந்தாலும் பெங்குலு வேறானால் போதும் என்று தளர்த்தியிருக்கிறார்கள்.

அடுத்தது, விரும்பப்படும் மணம். தாய்மாமன் மகளையோ அத்தை வழியிலோ மணப்பது அங்கே நல்ல சம்பந்தமாக மதிக்கப்பட்டது. இரண்டாவதற்கு 'பூலாங் கா பாக்கோ', பாக்கோவிடம் திரும்புதல் என்று பெயர். தமிழ் வாசகருக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. மாமன் மகள் அவளுடைய தாயின் குடியைச் சேர்ந்தவள், அதனால் விதி இடிக்காது. சித்தி, பெரியம்மா பிள்ளைகள் தன் குடியே, அதனால் உடன்பிறந்தோர். நம் முறை கணக்கும் அவர்கள் கணக்கும் இங்கே ஒன்றாகவே நிற்கின்றன. ஒருவன் மாமன் மகளை மணந்தால், மாமாக் தன் கைக்காசைப் பிள்ளைக்குக் கொடுத்தாலும் மருமகனுக்குக் கொடுத்தாலும் அது ஒரே குடும்பத்துக்குப் போய்ச் சேரும். இரண்டு கணக்கும் மோதாமல் இருக்க அவர்கள் கண்ட வழிகளில் இது ஒன்று.

சடங்குகளின் வரிசை

ஊருக்கு ஊர் மாறும். பொதுவான வரிசை இப்படி:

1. மாரேசேக்: துழாவிப் பார்த்தல். பெண் வீட்டார்தான் முதலில் ஆள் அனுப்பி விசாரிப்பார்கள். பெண் கேட்டு வருவது அங்கே இல்லை, மாப்பிள்ளை கேட்டுப் போவதுதான்.
2. மாமினாங், பாதிம்பாங் தாண்டோ: முறையாகப் பேசி அடையாளப் பொருள்களை மாற்றிக்கொள்ளுதல். குத்துவாள், பழைய பட்டு போன்ற குடும்பப் பொருள்கள் கைமாறும். வாக்கை முறித்த தரப்பு இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும் என்பது பல ஊர்களின் விதி. பேசுபவர்கள் இரு பக்கத்து மாமாக்குகள்.
3. பாபாக்கோ: தந்தையின் குடும்பம் மணப்பெண்ணை அழைத்துப்போய் அறிவுரை சொல்லி, பரிசுகளோடு ஊர்வலமாகத் திரும்பக் கொண்டுவந்து விடுதல்.
4. மாலாம் பாயினாய்: மணநாளுக்கு முந்தைய இரவில் மருதாணி.
5. மாஞ்சாப்பூயிக் மாராப்பூலாய்: மாப்பிள்ளையைப் போய் அழைத்து வருதல்.
6. நிக்காஹ், விருந்து. மணப்பெண்ணின் தலையில் 'சூந்தியாங்' என்ற பொன்னிறப் பூ அடுக்கு. பழைய வகை கழுத்து வலிக்கும் கனம்.
7. மாஞ்சாலாங்: மணப்பெண் மாமியார் வீட்டுக்குச் சீரோடு போய் வருதல்.

ஐந்தாவது படிக்கு முன்னே ஒன்று நடக்கும். மாப்பிள்ளைக்கு அவன் மாமாக் ஒரு பட்டப்பெயர் சூட்டுவார். "சிறியவனுக்குப் பெயர், பெரியவனுக்குப் பட்டம்" என்பது வழக்கு. அதன் பிறகு மனைவி வீட்டார் அவனை இயற்பெயரால் கூப்பிடுவது மரியாதைக் குறைவு. விருந்தாளியாக வருபவனுக்குத் தன் குடியின் பெருமையை மடியில் கட்டி அனுப்புகிறார்கள்.

'மாப்பிள்ளை விலை' என்பது என்ன

மினாங்கபாவ் திருமணத்தில் இரண்டு பணம் உண்டு.

ஒன்று, மஹர். மணமகன் மணமகளுக்குத் தருவது. இஸ்லாமிய நிக்காஹ்வின் கட்டாய அங்கம். மினாங்கபாவ் மக்கள் எல்லோருக்கும் பொது.

மற்றொன்று, 'உவாங் ஜாப்பூயிக்'. ஜாப்பூயிக் என்றால் போய் அழைத்து வருதல். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தருவது. மாப்பிள்ளையை அழைக்கும் சடங்கு எங்கும் உண்டு. ஆனால் அழைப்போடு பணமும் பொன்னும் போவது பாரியாமான் கடற்கரைப் பகுதியின் அடையாளம். மேட்டு நிலத்துப் பெரும்பாலான ஊர்களுக்கு இது பொருந்தாது. ஒரு பகுதியின் வழக்கத்தை முழுச் சமூகத்தின் தலையில் ஏற்றியதால் வந்த குழப்பம்தான் அந்த 'விலைக்கு வாங்கும் ஊர்' தலைப்பு.

பாரியாமானில் சீடி, பாகிண்டோ, சுத்தான் என்ற உயர்குலப் பட்டங்கள் உண்டு. வியப்பு என்னவென்றால், இவை மட்டும் தந்தை வழியே வருபவை. அந்தப் பட்டம் உள்ளவனை அழைக்க ஜாப்பூயிக் தொகை கூடும். பழைய முறையில் இது ஒருவழிப் பாதையாக இருக்கவில்லை. மாஞ்சாலாங் நாளில் மணப்பெண் மாமியார் வீட்டுக்குப் போகும்போது பொன் நகையாகவோ வேறு பொருளாகவோ அது அவளிடம் திரும்பி வரும். சில நேரம் கூடுதலாகவும் வரும். தாய் வீட்டின் உழைப்பாளி ஒருவன் வெளியே போகிறான், அவனுக்கு மதிப்புக் கொடுத்து அழைக்கிறோம், அந்த மதிப்பை அவர்கள் பெண்ணுக்கே திருப்புகிறார்கள் என்பது அதன் பொருள்.

பிற்காலத்தில் வளர்ந்தது 'உவாங் ஹிலாங்'. ஹிலாங் என்றால் தொலைந்தது. இந்தப் பணம் திரும்பாது. பட்டத்தின் இடத்தை வேலை பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளை மருத்துவரா, அதிகாரியா என்பதைப் பொறுத்துத் தொகை பேசப்படுகிறது. ஜாப்பூயிக்கை மரபு என்று மதிக்கலாம். உவாங் ஹிலாங் வரதட்சணையின் வேலையைத்தான் செய்கிறது. தாய்வழிச் சமூகம் என்ற பெயர் மட்டும் ஒரு பெண் வீட்டாரை இந்தச் சுமையிலிருந்து காப்பாற்றிவிடாது.

இரண்டு வகைச் சொத்து

உயர் பரம்பரைச் சொத்து, 'பூசாகோ திங்கி'. தலைமுறைகளாகத் தாய்வழியில் இறங்கி வந்த வயல், வீடு, மனை. பாருயிக் முழுவதற்கும் பொது. பெண்களுக்கு ஒதுக்கப்படுவது அனுபவிக்கும் உரிமை. மேற்பார்வை மூத்த மாமாக்கிடம். எந்தப் பெண்ணும் தனியாக விற்க முடியாது, எந்த ஆணும் விற்க முடியாது. 'பெண்களே நிலத்தின் உரிமையாளர்கள்' என்பது அந்த அளவில் பாதி உண்மைதான். "விற்றாலும் விலைக்குப் போகாது, அடகு வைத்தாலும் அடகு ஏறாது" என்பது சொலவடை. அடகு வைக்க மட்டும் நான்கு விதிவிலக்கு:

1. வீட்டில் பிணம் கிடக்கிறது, அடக்கம் செய்யப் பணம் இல்லை.
2. வயது வந்த பெண்ணுக்குத் திருமணம் செய்ய வழியில்லை.
3. ரூமா கடாங் ஒழுகுகிறது.
4. காலியாகக் கிடக்கும் பெங்குலு பட்டத்தைத் திரும்ப ஏற்ற வேண்டும். 'மூழ்கிய மரத்தைத் தூக்குதல்' என்று இதைச் சொல்வார்கள்.

தாழ் பரம்பரைச் சொத்து, 'பூசாகோ ரண்டா'. கணவன் மனைவி சம்பாதித்தது. இது பிள்ளைகளுக்குப் போகிறது, இஸ்லாமிய வாரிசுப் பங்கின்படி.

இந்தப் பிரிப்பு சும்மா வந்துவிடவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெக்காவிலிருந்து திரும்பிய சீர்திருத்தவாதிகளால் எழுந்த பாத்ரி இயக்கம் ஊர் வழக்கத்தோடு மோதியது. 1821-இல் டச்சுக்காரர்கள் உள்ளே நுழைந்தார்கள். 1837-இல் பாத்ரித் தலைவர் துவாங்கு இமாம் போஞ்சோல் பிடிபட்டார். "வழக்கம் ஷரீஅத்தின் மேல் நிற்கிறது, ஷரீஅத் இறைநூலின் மேல் நிற்கிறது" என்ற சமரச வாக்கியம் அந்த மோதலின் விளைவு. ஆனாலும் வாதம் ஓயவில்லை. மெக்காவில் இமாமாக இருந்த மினாங்கபாவ் அறிஞர் அகமது கத்தீப், மருமக்கள் வழிச் சொத்து பிறர் சொத்தை அபகரிப்பது என்றே எழுதினார். அவருடைய மாணவர் அப்துல் கரீம் அம்ருல்லா வேறு வழி கண்டார்: உயர் பரம்பரைச் சொத்து தனிநபருடையது இல்லை, வக்ஃபு போன்றது, ஆகவே வாரிசுப் பங்கீடே அதற்குப் பொருந்தாது. 1952-இல் புக்கித்திங்கியில் கூடிய மார்க்க அறிஞர்களும் ஊர்த் தலைவர்களும் கற்றவர்களும் இரண்டு சொத்துக்கும் இரண்டு சட்டம் என்பதை ஒப்புக்கொண்டார்கள். 1968-இல் பாடாங்கில் நடந்த கருத்தரங்கு அதை மறுபடி உறுதி செய்தது.

நாஞ்சில் நாட்டில் ஒருவன் சம்பாதித்ததும் குடும்பச் சொத்தும் ஒரே வழக்கில் சிக்கி, பெற்ற பிள்ளையும் மருமகனும் எதிரெதிரே நின்றார்கள். இங்கே சம்பாத்தியத்தைத் தனியே பிரித்துத் தந்தைக்கு விட்டதால் பழைய நிலம் தப்பித்தது.

இப்போது என்ன நடக்கிறது

தந்தையின் கணக்கு பெருத்துக்கொண்டே போகிறது. சம்பளம் வாங்கும் தம்பதி தனி வீடு கட்டி வாழ்கிறார்கள். பள்ளிக் கட்டணம் கட்டுவது தந்தை. 1974 திருமணச் சட்டம் கணவனே குடும்பத் தலைவர் என்கிறது, அரசு வழங்கும் குடும்ப அட்டையும் அப்படியே. மாமாக்கின் பங்கு பல வீடுகளில் திருமணப் பேச்சும் நிலத் தகராறும் என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது.

நிலம் மட்டும் லேசில் அசையாது. பாடாங்கிலிருந்து பெக்கான்பாருவுக்குப் போகும் சுங்கச் சாலைத் திட்டம் மேற்குச் சுமத்ராப் பக்கத்தில் நிலம் எடுப்பதில் நீண்ட காலம் தாமதமானது. கையெழுத்துப் போட ஒரு உரிமையாளர் போதாது, குடி முழுவதும் இணங்க வேண்டும். ஆயினும் இந்த நிலம்தான் ரண்டாவ் போனவர் தோற்றுத் திரும்பினால் அவர் சகோதரிகளின் பானையில் அரிசி இருக்கச் செய்வது.

மினாங்கபாவ் வீட்டில் பெண் குழந்தை இல்லாவிட்டால் அந்தக் கிளைக்கு 'பூனா' என்பார்கள், அற்றுப்போனது. ஐந்து மகன்கள் இருந்தாலும் அப்படித்தான். வயல் அடுத்த நெருங்கிய பாருயிக்குக்குப் போய்விடும்.

இதன் மறுபக்கம் ரண்டாவ் குடும்பங்களில் தெரிகிறது. மினாங்கபாவ் பெண் ஜாவாக்காரரை மணந்தால் பிள்ளைக்குக் குடி உண்டு, ஊர் உண்டு. மினாங்கபாவ் ஆண் வெளிப்பெண்ணை மணந்தால் பிள்ளைக்கு இரண்டும் இல்லை. தந்தையின் ஊருக்கு அது பாக்கோ வீட்டுக்கு வந்த விருந்தாளி. அதற்கும் ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். 'மாலாக்கோக்', ஒட்டிக்கொள்ளுதல். வெளியாள் ஒரு பெங்குலுவிடம் முறையாகக் கேட்டு, விருந்து வைத்து, ஒரு சூகுவில் சேரலாம். "உட்கார்ந்தால் கிளையைப் பற்று, பறந்தால் கிளையை ஊன்றி எழும்பு" என்பது அதற்கான வாசகம். வெளியிலிருந்து வந்த மனைவியைக் கணவனின் சூகு அல்லாத இன்னொரு சூகுவில் சேர்த்துவிட்டால், அவள் பெறும் பிள்ளைகளுக்கும் அன்றிலிருந்து ஒரு மாமாக் இருப்பார்.